தொலைபேசியில் கேட்கும் மூச்சு

தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஐப்பசித் திங்கள் பிறக்கும்போது ஒரு கவலையும் உடன் பிறக்கின்றது. தீபாவளியின் மகிழ்ச்சி ஒருபுறம் இருக்க, வானம் சாம்பல் நிறம் கொள்கின்றது. காலையில் சன்னலைத் திறந்தால் கண் எரிகின்றது. ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும் முதியவரின் அறையிலிருந்து இரவெல்லாம் இருமல் ஒலி எழுகின்றது. கரோல் பாகிலும் முனீர்காவிலும் மயூர் விஹாரிலும் இந்த ஒலியைக் கேளாத தமிழ் வீடுகள் சிலவே இருக்கக்கூடும். அந்த வீடுகளுக்கு உதவக்கூடிய ஓர் ஏற்பாட்டைப் பற்றியே இக்கட்டுரை. மூச்சு நோய்க்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர், நோயாளியைத் தொலைபேசியில் அழைத்து, நலம் கேட்டு, வழி சொல்லும் ஏற்பாடு அது.

முதலில் எங்கள் குடியிருப்பில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் நண்பர் ஒருவரின் தந்தையார் கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். வயது எழுபத்து நான்கு. மனைவியார் மறைந்தபின் மகனோடு இருக்கத் தில்லிக்கு வந்தவர். நாற்பது ஆண்டுகள் பீடி பிடித்து, பின்னர் அதனை விட்டொழித்தவர். நாங்கள் அனைவரும் அவரை மாமா என்றே அழைப்போம். சென்ற ஆண்டு கார்த்திகையில் ஒரு நாள் அவருக்கு உடல் நலமில்லை. மகன் அலுவலகத்தில் இருந்தமையால், கல்லூரியில் படிக்கும் பேரன் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். “இளைப்பாக இருக்கிறது, தம்பி. நாலு படி ஏறினால் இளைக்கிறது” என்றார் மாமா. பேரன் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். நல்ல பிள்ளை, வீட்டில் தமிழ்தான் பேசுகின்றான். ஆயினும் இளைப்பது என்றால் உடல் மெலிவது என்ற ஒரு பொருளே அவனுக்குத் தெரியும். தாத்தா மெலிந்து கொண்டே போகிறார், படி ஏறக்கூட வலுவில்லை என்று டாக்டரிடம் இந்தியில் சொன்னான். டாக்டரும் எடை பார்த்தார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். சத்து மருந்து கொடுத்தனுப்பினார். அவருடைய அறைக்கு வெளியே அறுபது பேர் காத்திருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். நான்காம் நாள் நள்ளிரவில் மாமாவை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனோம். அப்போது அவரால் ஒரு சொல்லுக்கு மேல் சேர்த்துச் சொல்ல இயலவில்லை. உதடு கறுத்து நீலம் பாய்ந்திருந்தது. ஒன்பது நாட்கள் மருத்துவமனையில் இருந்தார்.

அந்தப் பையனை யாரும் குறை கூறவில்லை. அவன்தான் பல நாட்கள் உணவு கொள்ளாமல் தன்னையே நொந்துகொண்டான்.

வீடு திரும்பியபோது மாமாவின் கையில் இரண்டு இன்ஹேலர்களும், ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளும், ஒரு திங்கள் கழித்து வருமாறு குறித்த சீட்டும் இருந்தன. அந்த ஒரு திங்களில் என்ன செய்வது? ஐயம் ஒன்று தோன்றினாலும், புகை சூழ்ந்த சாலையில் ஆட்டோவில் ஒன்றரை மணி நேரம் செல்லவேண்டும். சென்று வரிசையில் நிற்கவேண்டும். மகன் விடுப்பு எடுக்கவேண்டும். மூச்சுக்கு மருத்துவம் தேடிச் செல்லும் வழியே மூச்சைக் கெடுக்கும் வழியாக இருக்கின்றது. ஆகவே பெரும்பாலோர் போவதில்லை. அடுத்த முறை ஆம்புலன்ஸ் வரும்வரை பொறுத்திருக்கின்றனர்.

மாமாவுக்கு வேறொரு வழி திறந்தது. எங்கள் குடியிருப்பிலேயே ஓர் அம்மையார் இருக்கின்றார், நாகர்கோவிலைச் சேர்ந்தவர், தில்லியில் மார்பு நோய்ப் பிரிவில் பல்லாண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மூட்டு வலியினால் மாடி ஏறி வர அவரால் இயலாது. “தொலைபேசி இருக்கிறதே, அது போதும்” என்றார். மாமாவுக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டரிடம் மகன் முன்னதாகவே சொல்லி இசைவு பெற்றார். பின்னர் வியாழக்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வரத்தொடங்கியது.

முதல் அழைப்பின்போது நானும் உடன் இருந்தேன். மூச்சு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. “ஐயா, காலையில் என்ன பலகாரம்?” என்று கேட்டார். “இட்டிலிதான் சிஸ்டர், ரெண்டு... மருமகள் நல்லாத்தான்... செய்யுது, ஆனா இந்த ஊர் அரிசி...” என்று மாமா சொல்லிக்கொண்டே போனார். வீண் பேச்சு என்று நான் எண்ணினேன். பின்னர் அந்த அம்மையார் விளக்கினார். ஒரு வாக்கியத்தை எத்தனை இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குகின்றார், சொல்லின் ஊடே சீழ்க்கை ஒலி வருகின்றதா, சென்ற வாரத்தைவிடக் குரல் தளர்ந்திருக்கின்றதா என்பவற்றையே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நலமா என்று நேராகக் கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் நலம் என்றே சொல்வார்கள் அல்லவா?

அடுத்து, “தொலைபேசியை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு மருந்தை இழுங்கள், நான் கேட்கிறேன்” என்றார். குப்பியை அழுத்தும் ஒலி கேட்டது. சற்று நேரம் கழித்தே மூச்சை இழுக்கும் ஒலி கேட்டது. “மருந்து வாயிலேயே தங்கிவிட்டது ஐயா, நெஞ்சுக்குள் போகவில்லை” என்றார் அம்மையார். அதுவரை மாமா நாள்தோறும் மருந்தை நாக்குக்கே ஊட்டிக்கொண்டிருந்தார்! முதலில் குப்பியை நன்கு குலுக்கவேண்டும்; உள்ளிருக்கும் மூச்சை மெல்ல வெளியே விடவேண்டும்; உதடுகளை இறுக மூடிக்கொண்டு, மூச்சை மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தவேண்டும்; இழுத்த மூச்சைப் பத்து எண்ணும்வரை அடக்கவேண்டும்; இரண்டாம் முறைக்கு முன் அரை நிமிடமேனும் பொறுக்கவேண்டும். கை நடுங்கும் முதியோர்க்கு இந்த ஒத்திசைவு எளிதன்று. குப்பிக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் ஸ்பேசர் என்னும் குழல் இருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் நீங்கும். மாமாவுக்கு டாக்டரைக் கேட்டு அதனையே வாங்கினார்கள்.

இரண்டு இன்ஹேலர்களில் ஒன்று உடனே இளைப்பைத் தணிப்பது. மற்றொன்று நாள்தோறும் எடுத்து நோய் மிகாமல் காப்பது. இரண்டாவதை மாமா தொடவே இல்லை என்பது மூன்றாம் அழைப்பில்தான் வெளிப்பட்டது. “அதை இழுத்தால் ஒன்றும் தெரியவில்லையே சிஸ்டர், விலையும் அதிகம், மகனுக்கு எதற்கு வீண் செலவு?” என்றார். இதனை அவர் மகனிடமும் சொன்னதில்லை, டாக்டரிடமும் சொன்னதில்லை. தஞ்சைத் தமிழில் ஒருவர் பேசப் பொறுமையோடு மற்றொருவர் கேட்டதனால் வெளிவந்த உண்மை அது.

தொலைபேசியில் மூச்சைக் கேட்டு நோயை அறிவது இன்று நேற்றுத் தோன்றியதன்று. கிரஹாம் பெல் 1876-இல் தொலைபேசியை அமைத்துக் காட்டினார். மூன்றே ஆண்டுகளில், 1879-இல், ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் ஒரு செய்தி வந்தது. குழந்தை ஒன்று நள்ளிரவில் இருமியது. தொண்டை அடைப்பு நோயோ என்று வீட்டார் அஞ்சினர். குழந்தையைத் தொலைபேசிக்கு அருகே கொண்டுவரச் சொல்லி, அதன் இருமலைக் கேட்ட மருத்துவர், அஞ்சத்தக்க நோயன்று எனத் தேற்றினார் என்பது அச்செய்தி.

இங்கிலாந்தில் இது முறையான பணியாகவே வளர்ந்துள்ளது. அங்கே ஆஸ்துமா நோயாளிகளை ஆண்டுக்கொருமுறை அழைத்துப் பார்ப்பவர் பெரும்பாலும் அதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியரே. அழைத்தாலும் நோயாளிகள் பலர் வருவதில்லை. தொலைபேசியில் பார்த்தால் என்ன என்ற வினா எழுந்தது. ஹிலரி பின்னாக் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் நான்கு மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த 278 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். நேரில் வருமாறு அழைக்கப்பட்ட பிரிவில் நூற்றுக்கு 48 பேரையே செவிலியர் பார்க்க முடிந்தது. தொலைபேசிப் பிரிவில் 74 பேரைப் பார்க்க முடிந்தது. ஒரு தொலைபேசி உரையாடல், நேர்ச் சந்திப்பைவிடச் சராசரி பத்து நிமிடம் குறைவாகவே கொண்டது. நோயாளிகளின் நலமோ இரு பிரிவிலும் ஒத்தே இருந்தது. தொலைபேசியினால் நோய் தீர்ந்துவிடவில்லை. வராத நோயாளியிடம் செவிலியர் சென்றடைந்தார், கேடு விளையவில்லை என்பதே அதன் பயன்; அது சிறிய பயன் அன்று.

கருவிகளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் அதே மருத்துவர் குழு காட்டியிருக்கின்றது. ஸ்காட்லாந்தில் நுரையீரல் அடைப்பு நோயாளிகள் 256 பேரை ஆராய்ந்து 2013-இல் முடிவு வெளியிட்டனர். ஒரு பிரிவினர் வீட்டிலிருந்தே நாள்தோறும் தம் நோய்க்குறிகளையும் ஆக்ஸிஜன் அளவையும் கருவி வழியே அனுப்பினர். அதனால் அவர்கள் மருத்துவமனையில் சேரும் நாள் தள்ளிப்போகவில்லை. பொறி கணக்கெடுக்கும், “மருந்தை ஏன் தொடவில்லை?” என்று கேட்காது.

நம் நாட்டில் இந்நோயின் அளவு பெரிது. 2016-ஆம் ஆண்டுக்கான கணிப்பின்படி, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி., உடையோர் ஏறத்தாழ ஐந்தரைக் கோடிப் பேர். ஆஸ்துமா உடையோர் ஏறத்தாழ மூன்றே முக்கால் கோடிப் பேர். புகை பிடிப்போர்க்கே இந்நோய் என்று எண்ணுவது தவறு. விறகும் வறட்டியும் எரித்து அடுப்படியிலேயே வாழ்நாளைக் கழித்த நம் பாட்டிமார்க்கும் இது வருகின்றது. பீடியைத் தொட்டறியாத அந்தத் தாய்மார், இது வயதுக் கோளாறு என்று சொல்லி மூலையில் அமர்ந்துவிடுகின்றனர். வீட்டிலும் யாரும் ஐயுறுவதில்லை.

சட்டம் இதற்கு இடம் தருகின்றதா எனச் சிலர் கேட்கலாம். தொலைவழி மருத்துவத்திற்கான நெறிமுறைகளை இந்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் தொலைபேசி வழியே ஆலோசனை வழங்கலாம். செவிலியர் நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே துணை நிற்கலாம். ஆனால் செவிலியர் தாமே மருந்து எழுதுதல் ஆகாது. அவருடைய பணி வேறு: மருத்துவர் எழுதிய மருந்தைச் சரியாக எடுக்கச் செய்தல், மாற்றத்தை முன்னரே அறிதல், யார் எப்போது மருத்துவரிடம் செல்லவேண்டும் எனப் பிரித்துச் சொல்லுதல். அரசின் இ-சஞ்சீவனி வழியாகவும் வீட்டிலிருந்தே மருத்துவரைக் காண இயலும். அதனை இகழ்வது என் நோக்கமன்று. எனினும் அங்கே ஒவ்வொரு முறையும் யார் வாய்ப்பாரோ அவரிடம் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். இங்கே நான் சொல்லுவது, ஒரே குரல் வாரந்தோறும் அழைப்பது.

நம் சங்கம் இத்தகைய பணியைத் தொடங்க என்ன வேண்டும்? பெருஞ்செல்வம் வேண்டா. மார்பு நோய்ப் பிரிவில் பழகிய, பதிவு பெற்ற செவிலியர் இருவர் அல்லது மூவர், அவர்கள் ஐயம் கேட்க ஒரு மருத்துவர், ஒரு தொலைபேசி எண், ஒரு குறிப்பேடு. தலைநகரின் மருத்துவமனைகளில் தமிழ்நாட்டுச் செவிலியரும் கேரளச் செவிலியரும் பணியாற்றி ஓய்வு பெற்றிருக்கின்றனர் என்பதை நாம் அறிவோம். மூச்சு நோய் மருத்துவத்திலும் இந்நகருக்குத் தனிப்பெருமை உண்டு. வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிலையமும், அதன் முதல் இயக்குநராக விளங்கிய டாக்டர் இராமன் விசுவநாதனும் மருத்துவ உலகு அறிந்தவர்கள்.

அழைப்பை நோயாளியின் பொறுப்பில் விட்டுவிடலாகாது என்பது என் உறுதியான கருத்து. எண்ணைக் கொடுத்து, வேண்டும்போது அழையுங்கள் என்றால், நம் முதியோர் அழைக்கமாட்டார்கள். தொந்தரவு கொடுக்கலாகாது என்று நினைப்பார்கள். செவிலியரே, குறித்த நாளில், குறித்த நேரத்தில் அழைக்கவேண்டும். மருத்துவமனையிலிருந்து திரும்பிய சில நாட்களுக்குள் முதல் அழைப்பு வருதல் நன்று. பேசுவது உரியவர்தானா எனப் பெயரும் வயதும் கேட்டு உறுதி செய்துகொள்ளவேண்டும், பேசியதைக் குறித்துவைக்கவேண்டும், மருத்துவருக்கு அதனைத் தெரிவிக்கவேண்டும். குறிப்பேடு பூட்டிய பெட்டியில் இருக்கவேண்டும். சங்கத்தின் தேநீர்க் கூட்டத்தில் பேசப்படும் பொருளாகிவிடலாகாது. இதனைச் சற்று அழுத்தியே சொல்கின்றேன், நம்மவரை நான் அறிவேனாதலால். தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்துக் குடும்பமே சூழ்ந்திருந்தால் முதியவர் உண்மை பேசமாட்டார் என்பதையும் கருதவேண்டும். ஒளித்துப் பிடிக்கும் பீடியைப் பற்றி மருமகள் கேட்க யார் சொல்வார்?

மற்றொன்று மிகவும் தேவை. நம் ஊர்களின் மூச்சுச் சொற்களைத் தொகுத்த ஒரு சிறு பட்டியல் வேண்டும். இளைப்பு, இழுப்பு, ஈளை, மூச்சு வாங்குதல், மூச்சு முட்டுதல், நெஞ்சடைப்பு, கோழை, கபம் எனச் சொற்கள் பல. நெஞ்சடைப்பு என்பதை ஒருவர் சளிக்கட்டுக்குச் சொல்வார். மற்றொருவர் மாரடைப்புக்குச் சொல்வார். இரண்டுக்கும் செய்யவேண்டியவை வேறு வேறு. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே இந்தியிலும் ஆங்கிலத்திலும் பொருள் எழுதி வீட்டுக்கு ஒரு படி கொடுத்தால், நம் பேரப்பிள்ளைகளுக்கும் பேருதவியாகும்.

அழைக்கும் செவிலியர் என்ன கேட்பார்? நேற்றிரவு எத்தனை முறை விழித்தீர்கள், எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள், குளியலறைக்கு நடந்துபோய் வந்தால் மூச்சு வாங்குகின்றதா, சளி மிகுந்துள்ளதா, அதன் நிறம் வெண்மையிலிருந்து மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியுள்ளதா, உடனே தணிக்கும் மருந்தை ஒரு நாளில் எத்தனை முறை எடுத்தீர்கள் என்பன முதன்மையானவை. இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால், எடை குறைந்தால், சளியில் இரத்தம் கண்டால், காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். அதனைப் பழைய ஈளை நோய்தானே என்று தள்ளிவிடலாகாது.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இன்று பல வீடுகளில் உண்டு. அதனை எவ்வளவு நம்பலாம்? தில்லிக் குளிரில் விரைத்த விரலிலும், நகப்பூச்சோ மருதாணியோ உள்ள விரலிலும் அது பிழையாகக் காட்டக்கூடும். கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, அசையாமல் அமர்ந்து, எண் நிலைபெற்றபின் பார்க்கவேண்டும். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, உண்மையான குறைவைக் கருவி காட்டாமல் விடும் பிழை வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மும்மடங்கு நேர்வதாகக் கூறிற்று. நம் நிறத்தவரும் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி இது. வீட்டில் ஆக்ஸிஜன் கருவி வைத்திருப்போர்க்கு வேறோர் எச்சரிக்கையும் உண்டு. சி.ஓ.பி.டி. நோயாளிகள் பலருக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என மருத்துவர் வரையறுப்பர். எண் 98 ஆகவில்லையே என்று பாசத்தினால் ஆக்ஸிஜனைத் திருகிக் கூட்டினால், சிலர்க்கு உடலில் கரியமில வாயு மிகுந்து மயக்கமே வரும்.

ஒரே மூச்சில் எத்தனை எண்ணுகின்றார் என்று தொலைபேசியில் எண்ணச் சொல்லும் ஒரு முறையும் முன்னர்ச் சிலரால் கையாளப்பட்டது. 2020-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அதனை நம்பவேண்டா என அறிவுறுத்தினர். எண்ணி முடித்துவிட்டார் என்பதனால் நலம் என்று முடிவு செய்துவிட்டால், அந்த முடிவே உயிருக்கு உலை வைக்கக்கூடும்.

தொலைபேசிக்கு எல்லையும் உண்டு. வாக்கியத்தை முடிக்க இயலாமை, உதடோ நகமோ நீலம் பாய்தல், புதிதாக வரும் மயக்கமும் குழப்பமும், நெஞ்சு வலி, தணிக்கும் மருந்து எடுத்தும் நான்கு மணி நேரம்கூடத் தாங்காமை ஆகியவை கண்டால், செவிலியரின் அழைப்புக்குக் காத்திராமல் 112 என்னும் எண்ணை அழைக்கவேண்டும். நல்ல செவிலியர், உரையாடலின் முதல் நிமிடத்திலேயே இவற்றைக் கேட்டு, ஒன்று இருப்பினும் பேச்சை நிறுத்தி ஆம்புலன்சுக்கு வழி செய்வார். நேரில் ஒருமுறையும் மருத்துவரைக் காணாத நோயாளியை இந்த ஏற்பாட்டில் சேர்ப்பதும் முறையன்று.

மாமா இந்தக் குளிர்காலத்தையும் மருத்துவமனைக்குச் செல்லாமல் கழித்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். தை மாதத்தில் மீண்டும் ஐந்து நாட்கள் இருந்தார். ஆனால் இம்முறை ஆம்புலன்ஸ் வரவில்லை. வியாழக்கிழமை அழைப்பில் அவர் குரல் மாறியிருந்ததையும், சளி பச்சையாகியிருந்ததையும் அறிந்த அம்மையார், அன்றே டாக்டருக்குத் தெரிவித்தார். மாமா மகனோடு பகலில், தம் செருப்பைத் தாமே போட்டுக்கொண்டு போனார். பேரனும் உடன் சென்றான். “தாத்தாவுக்கு மூச்சு வாங்குகிறது” என்று இந்தியில் அவனே தெளிவாகச் சொன்னான் என்று கேள்வி.

மார்பு நோய்ப் பிரிவில் பணியாற்றிய செவிலியரும், வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க இசையும் மருத்துவரும் தம் பெயரைச் சங்க அலுவலகத்திற்கு எழுதித் தெரிவிக்க வேண்டுகின்றேன். அடுத்த ஐப்பசிக்கு முன் தொடங்கிவிட எண்ணம். சொற்பட்டியலுக்குத் தத்தம் ஊரில் வழங்கும் மூச்சுச் சொற்களை அன்பர்கள் எழுதியனுப்பலாம். கொங்கு நாட்டுச் சொற்கள் இதுவரை ஒன்றும் வந்து சேரவில்லை.